ஜட்ஜம்மா சாப்பிட மாட்டேங்கிறாள்

பிப்ரவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் பூனை ஜட்ஜம்மாவும் சௌக்கியம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலைக்காற்று ஒத்துக்கொண்டதா? நீ பாலம் கட்டுகிற இடத்தில் போன் எடுக்காது, வாரம் ஒரு தரம் சாமான் லாரியில்தான் கடிதம் வரும் என்று சொன்னபோது, போன வருஷப் பயிற்சி மாதிரி மறுபடியும் கடிதமா என்று சிரித்தேன். இப்போது பேனாவைப் பிடித்தால் விரல் விண்விண் என்கிறது. காலமெல்லாம் ஹோட்டலில் கரண்டி பிடித்த கை இது. என் பிள்ளை, உன் புருஷன், நடுக்கடலில் கப்பலில் இருந்துகொண்டு போனில் பேசுகிறான், நாலு மலை தள்ளி இருக்கிற உன்னோடு பேச முடியவில்லை. என்ன கூத்தோ!

ஜட்ஜம்மா நன்றாக இருக்கிறாள். பதினாலு வயசுக் கிழவி, சாப்பாட்டில் கொஞ்சம் பிகு பண்ணத்தானே செய்வாள்? நானும் விடுவதாக இல்லை. ஒரு நாள் மீன், மறுநாள் முட்டை, அடுத்த நாள் ஈரல் வறுவல். வைத்ததையே திரும்ப வைப்பதில்லை. தட்டை வைத்துவிட்டுத் தோளில் துண்டோடு பக்கத்திலேயே நிற்கிறேன். குனிகிறாள், நிமிர்கிறாள், என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், போய்விடுகிறாள். எத்தனை பெரிய மனுஷர்கள் என் தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்! இவளுக்கு என் கைப்பக்குவம் போதவில்லையாம்.

மாடி வீட்டு டீச்சர் தொல்லை வழக்கம் போல. நேற்று வந்து, "மாஸ்டர், இந்தப் பால் கெட்டுப் போச்சே, இதையா பூனைக்கு ஊத்தப் போறீங்க?" என்றார். பார்க்க வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு திருத்தப் பரீட்சைத் தாள் கிடைக்காமல் என் சமையலறையைத் திருத்துகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. உயரத்தில் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். குளிர் மட்டும் எலும்பைப் பிடிக்கிறது. உங்களுக்குப் போன மாதம் வந்த காய்ச்சல் முழுக்க விட்டதா? இருமல் இருந்தால் மறைக்காதீர்கள்.

மாமா, அந்தப் "பிகு" என்ற வார்த்தையில் என் நிம்மதி போய்விட்டது. குட்டியிலிருந்து அவளை எனக்குத் தெரியும். தட்டை முகர்ந்து தீர்ப்புச் சொல்வாளே தவிர, சாப்பிடாமல் போனதே இல்லை. என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பற்றவைத்த இரும்பை ஒவ்வொரு இணைப்பாகச் சோதிக்கிறேன். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். நீங்கள் எழுதியது எனக்கு அப்படித்தான் படுகிறது.

வாந்தி எடுக்கிறாளா? மணல் தட்டில் போவது கெட்டியாக இருக்கிறதா, தண்ணீராகவா? முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுகிறதா? யோசிக்காமல் நாளைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். உங்களுக்குக் கோடி புண்ணியம்.

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். எனக்குக் காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது, இருமல் இல்லை, ஒன்றும் இல்லை.

டாக்டரிடம் போனோம். ஜட்ஜம்மா கூடைக்குள் இருந்து வழி நெடுகச் சாபம் விட்டாள். டாக்டர் உன்னைவிடச் சின்னப் பெண். தராசில் வைத்ததுமே முகம் மாறிவிட்டது.

"ஐயா, என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?"

நான் பெருமையாக அடுக்கினேன்.

"உப்பு போடுவீங்களா?"

"உப்பில்லாம எப்படிம்மா?"

"வெங்காயம்?"

"லேசா வதக்கித்தான்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பூனைக்கு வெங்காயம் விஷம் ஐயா. ரத்தத்தையே கெடுத்துடும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றைப் படம் பிடித்தார்கள். வெங்காயத்தால் பெரிய சேதம் இல்லை, அந்த மட்டும் பிழைத்தோம். ஆனால் குடலின் உள்சுவர் வீங்கியிருக்கிறதாம். வயசான பூனைகளுக்கு வருகிற வியாதி, மெல்ல மெல்ல வந்திருக்கும் என்றாள். நான் தினம் ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தது புண்ணைக் கிளறிய மாதிரி ஆகியிருக்கிறது. இனி அவள் இதுவரை தின்னாத ஒரே ஒரு கறி, அது மட்டும்தான். வாத்து. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. வீக்கத்துக்கு மாத்திரை, வாரம் ஒரு சத்து ஊசி, பசி வரக் காது மடலுக்குள் தடவ ஒரு களிம்பு. தட்டுப் பக்கத்தில் நிற்கவே கூடாதாம். பூனை சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், அப்புறம் கைமீறிப் போய்விடும் என்று இரண்டு தரம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் டீச்சர், "கேஸ்! கேஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அடுப்பு காற்றில் அணைந்திருந்தது, திருகு மட்டும் திறந்திருந்தது. யாருக்குத்தான் மறதி இல்லை? ஜன்னல் கதவெல்லாம் திறந்து போட்டு எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார்.

என் மேல் கோபம் இருந்தால் எழுதிவிடு. மனசில் வைக்காதே.

மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை ஆவல் இல்லை, பயம்.

வெங்காய விஷயத்தில் உங்கள் மேல் கோபம் இல்லை. ஆசையாகச் சமைத்தது யார் குற்றம்? ஆனால் இனி டாக்டர் சொன்னதுதான் சட்டம், மாமா. அதில் உங்கள் கைவண்ணம் வேண்டவே வேண்டாம்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. இரண்டு கரையிலிருந்தும் வருகிற இரும்பு நடு ஆற்றின் மேல் சேர வேண்டும். சேர்கிற இடத்தில் நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரிகூட ஏறாது. அதுவரை நான் இங்கே கைதிதான். பெட்டியும் பூனையுமாகத்தான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். வந்த அன்றே அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது நீங்கள். அவளை எனக்காகக் காப்பாற்றிக் கொடுங்கள். நான் திரும்பி வரும்போது வாசலில் அவள் இருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

கேஸ் விஷயத்தில் டீச்சருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 25

அம்மாடி,

சௌக்கியமா? நான் என் சௌக்கியத்தைப் பற்றி எழுதும் நிலையில் இல்லை.

வாத்துக் கறி வேகவைக்கிறேன். இது சமையலா? கறியை வெந்நீரில் குளிப்பாட்டுகிற வேலை. பாழாய்ப் போகட்டும், அதையாவது தின்றால் சரி என்று வைக்கிறேன். வருகிறாள், நாக்கால் உதட்டை நக்குகிறாள், எச்சில் விழுங்குகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பசிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர், "இல்லை ஐயா, அது குமட்டல்" என்று ஊசி போட்டாள். குமட்டல் நின்றது. ஆனாலும் ஒன்றிரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

நேற்று ஃப்ரிட்ஜில் இருந்த கறியை எடுத்து வைத்தேன். பார்க்க நிறம் மாறாமல் அழகாகத்தான் இருந்தது. ஜட்ஜம்மா கிட்டே வந்து, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டினாள். மணல் தட்டில் போனதை மூடுவாளே, அந்த மாதிரி. என் சாப்பாட்டை! அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தவர் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாஸ்டர், இது எத்தனை நாள் கறி?" என்றார். கெட்டுப்போன சாமானை என் அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பியவன் இல்லை நான் என்று சொல்லி, கதவை அவர் முகத்திலேயே சாத்தினேன். பிறகு கறியைக் கொட்டிவிட்டேன்.

இன்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். கை அளவு ஆகிவிட்டாள், அம்மாடி. இன்னும் சில நாளில் தானாக வயிறாரச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வழியாக ஊட்ட வேண்டுமாம். இந்த வயசில் மயக்க மருந்தைத் தாங்குவாளோ என்று டாக்டரே யோசிக்கிறாள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாமா


ஏப்ரல் 3

என் அன்பு மாமாவுக்கு,

நமஸ்காரம். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். படித்து முடிக்கும் வரை கிழித்துப் போடாதீர்கள்.

போன வருஷம் நான் பயிற்சிக்குப் போயிருந்தபோது நீங்கள் எழுதிய கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். தெரு முனையில் ரொட்டி வேகிற வாசனை, மழை விழுந்த தார்ச்சாலை வாசனை, பக்கத்து வீட்டில் யாரோ மிளகு வறுத்துத் தீய்த்த வாசனை. வாசனை இல்லாமல் நீங்கள் ஒரு கடிதம் எழுதியதில்லை. இந்த வருஷக் கடிதங்களில் ஒன்றுகூட இல்லை. கெட்ட பால் வெள்ளைவெளேர் என்று இருந்தது. கேஸ் கசிந்தது மறதி. கெட்ட கறி பார்க்க அழகாக இருந்தது.

அந்தக் காய்ச்சலோடு உங்கள் மூக்கு போய்விட்டது, இல்லையா மாமா?

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு மாஸ்டர் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். ஆனால் பூனை மூக்கால்தான் சாப்பிடும். வாசனை வராத சாப்பாடு அவளுக்குச் சாப்பாடே இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்று எடுத்து வைத்தால் அவளுக்கு அது வெறும் கல். கெட்டுப் போயிருந்தால் அவளுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

மாடிக்குப் போங்கள். டீச்சரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டையும் அவர் முகர்ந்து பார்க்கட்டும். கௌரவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவளுக்கு அப்புறம் என்பது இல்லை.

உங்கள் காலில் விழுந்து கேட்கும்,
மருமகள்


ஏப்ரல் 20

மாமா,

நலமா? இரண்டு தடவை லாரி வந்தது. மாவு வந்தது, ஆணி வந்தது, எல்லோருக்கும் கடிதம் வந்தது. எனக்கு மட்டும் இல்லை.

நான் எழுதிய விதம் தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எழுதிய விஷயம் தப்பில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜட்ஜம்மா இருக்கிறாளா? ஒரே வார்த்தை எழுதிப் போடுங்கள். போதும்.


ஏப்ரல் 26

அன்புள்ள மருமகளுக்கு,

இருக்கிறாள்.

முதலில் அதை எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள். இனி சாவகாசமாகப் படி. நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நேற்று வந்த பெண் எனக்கு மூக்கு இல்லை என்கிறாளே என்று அடுப்பில் போடப் போனேன். ஜட்ஜம்மா வாசல் மிதியடி மேல் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை, காது மட்டும் திரும்பியது. அதைப் பார்த்ததும் கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆமாம் அம்மாடி, மூக்கு போய்விட்டது. பூண்டு தெரியாது, புகை தெரியாது, சோப்பு தெரியாது. காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு மூடி வைப்பேன். உலகமே வெறும் தண்ணீரில் வேகவைத்த மாதிரி ஆகிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

மாடிப்படி ஏறினேன். கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு டீச்சர் என்னோடு பேசவில்லை.

"டீச்சர், எனக்கு வாசனை தெரியலை."

"தெரியும் மாஸ்டர்."

"எப்போதிருந்து?"

"பால் அன்னைக்கே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கதவை மூஞ்சில சாத்துவீங்க. சொல்லாமலே சாத்தினீங்க!"

இறங்கி வந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். அன்று வாங்கிய வாத்தை அப்போதே வேகவைத்தேன். ஆறியதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வெதுவெதுப்பாக்கினேன். எவ்வளவு சூடு என்று மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன், அது எனக்கு இன்னும் தெரியும். டீச்சர் குனிந்து முகர்ந்து, "நல்லா கறி வாசனை வருது. எனக்கே பசிக்குது" என்றார். மணல் தட்டுக்கு எதிர்ப்பக்கம், அலமாரி மறைவில் தட்டை வைத்தோம். காதில் களிம்பு தடவியாகிவிட்டது. வெளியே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார், நான் எழுந்து போய் நிற்கக் கூடாதாம்.

அப்புறம் தட்டு தரையில் உரசுகிற சத்தம். நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. அம்மாடி, நாக்கு வழிக்காமல் தட்டு நகராது! இது எனக்குத் தெரியாதா? துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஹோட்டலில் கடைசி நாள் மாலை போட்டபோதுகூட நான் அழுததில்லை.

அன்று சாப்பிட்டது ஒரு பிடி. இதை உடனே எழுதி, மறுநாள் அவள் நிறுத்திவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் எழுதவில்லை. நிறுத்தவில்லை. தினமும் சாப்பிடுகிறாள். குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். இப்போது எழுதுகிறேன்.

உன் மூக்கில்லாத மாமா


மே 9

என் தங்க மாமாவுக்கு,

ஆயிரம் கும்பிடு! "இருக்கிறாள்" என்று படித்ததும் நான் போட்ட கூச்சலில் கிரேன்காரர் ஏதோ இரும்பு விழுகிறது என்று மெஷினை நிறுத்திவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு பூனை சாப்பிட்டதுக்கா இந்தக் கூத்து?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் வந்து, "ஜட்ஜம்மா சாப்பிட்டாங்களா?" என்று விசாரிக்கிறார்கள். கிரேன்காரர்தான் முதல் ஆளாக.

டீச்சர் பாதத்துக்கு ஒரு கும்பிடு. சொல்லிவிடுங்கள், இந்தத் தடவை நிஜமாகவே.

அடுத்தது உங்கள் மூக்கு. தனியாக டாக்டர் இருக்கிறார். போனீர்களா? பூனைக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?

உங்கள் மருமகள்


ஜூன் 15

அன்புள்ள மருமகளுக்கு,

இருவரும், இல்லை, மூவரும் நலம். டீச்சரையும் சேர்த்துக்கொள், பாதி நாள் இங்கேதான் இருக்கிறார்.

நடுவில் ஒரு சறுக்கல். ஜட்ஜம்மா இரண்டு நாள் வாந்தி, மணல் தட்டில் எல்லாம் தண்ணீராக. எனக்கு உயிரே போய்விட்டது. துருவித் துருவிக் கேட்டதில் டீச்சர், "பாவமா பார்த்தா மாஸ்டர், ஒரே ஒரு துண்டு மீன்தான்" என்றார். விட்டேனா? வாத்து என்றால் வாத்து, துண்டு என்ற பேச்சே கிடையாது என்று பாடம் நடத்தினேன். இத்தனை நாள் வாங்கிய பாடத்துக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்த திருப்தி. அவரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி குடல் அடங்கிவிட்டது. தராசு முள் ஏறுகிறது. முதுகில் கை வைத்தால் எலும்பு குத்தவில்லை, சதை தெரிகிறது. விடிந்தால் என் நெஞ்சின் மேல் ஏறி நின்று சோறு கேட்டு அதட்டுகிறாள்.

மூக்கு டாக்டரிடமும் போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாலு புட்டியில் நாலு வாசனைத் தைலம் கொடுத்து, காலை மாலை முகர்ந்து, அந்த வாசனையை ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். முகர்கிறேன். நாலும் தண்ணீர்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஜட்ஜம்மா தும்முகிறாள். அவளாவது தும்மட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். முழுக்கத் தேறவில்லை, உன்னிடம் எதற்கு மறைக்க?

மாமா


ஜூலை 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலம், நலம்! பாலம் சேர்ந்துவிட்டது. நடு இணைப்பை மேலும் கீழும் சோதித்தேன், ஒரு மயிரிழை விரிசல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். லாரி ஏறி, இறங்கியும் விட்டது. அடுத்த மாதம் பாதியில் வீட்டுக்கு வருகிறேன். மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 9

என் அருமை மருமகளே,

உன் உடம்பு, என் உடம்பு, கப்பலில் இருப்பவன் உடம்பு எல்லாம் நன்றாக இருக்கட்டும், விசாரணையை நீ வந்ததும் நேரில் வைத்துக்கொள்வோம். செய்தியைக் கேள்.

இன்று காலை ஜட்ஜம்மா வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மணல் தட்டுக்குப் போனாள். நான் சின்னக் கரண்டியும் கையுமாகப் பின்னால் போனேன். டாக்டருக்குச் சொல்ல வேண்டுமே, தினமும் பார்ப்பேன். கெட்டியாக, உருண்டையாக, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அள்ளக் குனிந்தேன். என் முகம் தானாகச் சுளித்தது. ஏன் சுளித்தது என்று எனக்கே விளங்கவில்லை. நிமிர்ந்தேன். மறுபடி குனிந்தேன்.

அம்மாடி! நாறியது!

"டீச்சர்! ஓடி வாங்க! நாறுது!"

தடதடவென்று இறங்கி வந்தார். "என்ன மாஸ்டர், கேஸா?"

"கேஸ் இல்லை டீச்சர், பீ! பூனைப் பீ! நாறுது!"

மருமகளுக்கு எழுதுகிற வார்த்தையா இது என்று நினைக்காதே, வேறு வார்த்தை வாயில் வரவில்லை. டீச்சர் குனிந்து ஒரு தரம் முகர்ந்தார். "ஆமா மாஸ்டர், சகிக்கலை" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர். நான் அந்தத் தட்டின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு நாற்றத்தை என் ஜன்மத்தில் நான் அனுபவித்ததில்லை. ஜட்ஜம்மா எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஜன்னலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான் இருந்தது, அப்புறம் போய்விட்டது. புட்டிகளை ஓடிப் போய்த் திறந்தேன், அவை இன்னும் தண்ணீர்தான். போகட்டும். ஜட்ஜம்மா நாளைக்கும் சாப்பிடுவாள், நாளைக்கும் தட்டுக்குப் போவாள். நான் கரண்டியோடு காத்திருப்பேன்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத,
உன் மாமா